களத்துக்குப் போகாத கள ஆய்வு: முதலாண்டுப் புவியியல் அறிக்கைகள் பற்றி ஒரு விமர்சனம்

சிறுகதைக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுவது எமது சங்க ஏடுகளின் வழக்கம். ஆயின், கலைப்பீட மாணவர் மிகுந்த பிரயாசையுடன் எழுதும் ஓர் எழுத்து வகை விமர்சகர் கண்ணில் அதிகம் பட்டதில்லை. முதலாம் ஆண்டுப் புவியியல் மாணவர் ஒரு நாட் பயணத்தின் பின் எழுதி ஒப்படைக்கும் கள ஆய்வறிக்கையையே இங்குக் கருதுகின்றேன். அதுவும் ஒரு பிரதிதான். அதற்கும் உருவம் உண்டு; உள்ளடக்கம் உண்டு; அவ்விரண்டையும் நிர்ணயிக்கும் ஒரு கல்விச் சூழலும் உண்டு.

உருவத்தை முதலில் நோக்குவோம். அறிக்கை நன்றியுரையுடன் தொடங்கும். அடுத்து வருவது ஆய்வுப் பிரதேசத்தின் 'பௌதிகப் பின்னணி'. அகலாங்கு நெட்டாங்கு, மழைவீழ்ச்சி, மண்வகை, தாவரம் என்பன அங்கே முறைப்படி இடம்பெறும். பின்னர் 30 வினாக்கொத்துகளிலிருந்து பெற்ற விடைகள் அட்டவணைகளாகும். 30 குடும்பங்களுள் 7 குடும்பங்கள் குழாய்க் கிணறு வைத்திருப்பின், அது 23.33 சதவீதம் என்று எழுதப்படும். ஒரு வீட்டுக்குப் பதிலாக வேறொரு வீட்டுப் படலையைத் திறந்து உட்சென்றிருந்தால் அது 26.67 ஆகியிருக்கலாம் என்பதை அந்த இரு தசமதானங்களும் மறைத்துவிடுகின்றன. ஈற்றில் விதந்துரைகள். அரசாங்கம் கவனம் செலுத்த வேண்டும், மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்பட வேண்டும் என்ற இரண்டும் தவறாது இருக்கும்.

இவ்வறிக்கையிலிருந்து அட்டவணைகளையும் ஒளிப்படங்களையும் நீக்கிவிட்டு எஞ்சியதை வாசிப்போமாயின், எழுதியவர் அவ்விடத்துக்குச் சென்றார் என்பதற்குச் சான்று ஏதேனும் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. பௌதிகப் பின்னணியை விடுதி அறையிலிருந்தே எழுதலாம். முன்னைய ஆண்டு அறிக்கையைப் பார்த்தும் எழுதலாம். களம் அங்கே ஓர் அலங்காரமாகவே நிற்கின்றது. இவ்வகை எழுத்தின் அடிப்படைக் குறைபாடு இதுவே என்பது எனது கருத்து.

இதற்கு மாணவரின் சோம்பலைக் காரணங் கூறுவது எளிது, ஆயின் பொருத்தமன்று. உயர்தர வகுப்பிலே இரண்டாண்டுகள், பலர் மூன்று தடவைகள் தோற்றின் மேலும் சில ஆண்டுகள், குறிப்புகளோடு வாழ்ந்தவர்களே பல்கலைக்கழகத்துக்கு வருகின்றனர். குறிப்பின் உலகத்திலே விடை முன்னரே இருக்கின்றது; அவ்விடைக்கென்றே வினா தோன்றுகின்றது. எத்தனை புள்ளிக்கு எத்தனை காரணம் எழுத வேண்டும் என்பதும் தெரிந்ததே. இப்பழக்கத்தினால்தான் அவர்கள் போட்டிப் பரீட்சையில் வென்று இங்கு வந்தார்கள். வென்ற முறையையே களத்துக்கும் எடுத்துச் செல்வதில் வியப்பில்லை. ஆதலின் முதலாண்டில் மாணவருக்குக் கற்பிக்க வேண்டிய முதற்றிறன், தான் அறிந்த குறிப்பொன்றை அது எழுந்த இடத்துக்கே கொண்டுசென்று அதனோடு வழக்காடும் திறனாகும். திசையறி கருவியையும் அளவு நாடாவையும் கையாள்வது அதற்கு அடுத்தபடி.

ஓர் உதாரணம். இலங்கையின் தரைத்தோற்றம் மூன்று படிகளாக அமைந்தது என்பது பாடசாலை மாணவர் யாவரும் அறிந்த செய்தி. கரையோரத் தாழ்நிலம் ஒரு படி. கண்டி மேட்டுநிலத்தை உள்ளடக்கியது இன்னொரு படி. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி முதலியவை மேற்படி. குறிப்பிலே இது மலையைப் போல அசையாத உண்மையாக நிற்கின்றது. ஆனால் இது ஒருவர் கூறிய கருத்து. இதற்கு ஆண்டு உண்டு. கனடியப் புவிச்சரிதவியலாளரான எப். டி. அடம்ஸ் 1929 இல் இதனை முன்வைத்தார். நீண்டகால அரிப்பினாலும் இடையிடையே நிகழ்ந்த மேலுயர்ச்சியினாலும் இப்படிகள் தோன்றின என்பது அவர் கொள்கை. 1940களில் இலங்கை அரசின் கனிப்பொருளியலாளராகப் பணிபுரிந்த இந்தியரான டி. என். வாடியா, படிகளை ஏற்றுக்கொண்டு காரணத்தை மாற்றினார். நிலம் குற்றிகளாகப் பிளவுற்று உயர்ந்தது என்றார். 1970களின் தொடக்கத்திலே பேராதனையிற் கற்பித்த பி. டபிள்யூ. விதானகே, மூன்று தெளிவான படிகள் என்ற கருத்தையே கேள்விக்குட்படுத்தினார். ஆக, குறிப்பிலே ஒரு வரியாக இருப்பது, அறிஞர்களிடையே அரை நூற்றாண்டு நீடித்த ஒரு விவாதமாகும். விவாதம் உதிர்ந்துவிட, எண்ணிக்கை மட்டும் எஞ்சியிருக்கின்றது.

இதை முதலாண்டு மாணவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல இடவிளக்கப்படங்கள் நூலகங்களிலே கிடைக்கின்றன; 1:50,000 அளவுத்திட்டப் படங்களும் உண்டு. கடுகண்ணாவைக்குக் கீழிருந்து ஹந்தானை மலைத்தொடர் வரை சமவுயரக்கோடுகளை எண்ணி ஒரு குறுக்குவெட்டு முகம் வரைவோமாயின், கடுகண்ணாவையில் நிலம் சடுதியாக எழுவதைக் காண்போம். அதன் பின்னர்? அங்கே படி என்று கூறத்தக்க தட்டையான நிலம் எவ்வளவு, மலைமுகடுகளும் பள்ளத்தாக்குகளும் எவ்வளவு? இவ்வினாவுடன் கண்டி வீதியில் ஏறும் பேருந்தின் யன்னலோரத்தில் அமர்ந்திருப்பவன், அதே பேருந்திற் பாட்டுப் பாடிக்கொண்டு செல்பவனிலும் வேறான ஒரு பயணத்தை மேற்கொள்கிறான். (பாடுவதற்கு நான் எதிரியல்லன். இறங்கிவரும்போது பாடலாம்.)

நூல்களை வாசிக்கும் முறையிலும் இக்குறைபாடே தோன்றுகின்றது. பி. எச். ஃபாமர் உலர்வலயக் குடியேற்றங்கள் பற்றி 1957 இல் வெளியிட்ட நூல் எமது பாடத்திலே அடிக்கடி பெயர் சுட்டப்படுவது. அதனை அதன் முடிவுகளுக்காகவே வாசிக்கின்றோம். அவர் எவ்விடத்துக்குச் சென்றார், யாரிடம் எதைக் கேட்டார், ஒரு பொது முடிவுக்கு வருமுன் எத்தனை வேறுபாடுகளைக் கணக்கிலெடுத்தார் என்பவற்றுக்காக வாசிப்பதில்லை. முடிவை மட்டும் எடுத்துக்கொள்பவனுக்கு அடுத்த களத்திலே எவ்வாறு நிற்பது என்று அந்நூல் எதையுங் கற்பிக்காது.

இனி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்வோம். தமிழ்மொழி மூல மாணவரின் அறிக்கைகளிலே மிகுதியாக இடம்பெறும் களம் அது. குடாநாட்டில் ஆறுகள் இல்லை, மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சிவிடும் என்பது குறிப்பு. ஆனால் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலிக் கடனீரேரி நோக்கிச் செல்லும் ஒரு வடிகாலை அவ்வூர் மக்கள் வழுக்கையாறு என்றே வழங்குகின்றனர். மாரியில் அது ஓடும். ஏனைய காலத்தில் அதன் படுக்கையிலே மாடு மேயும். குறிப்புத் தவறா, ஊரவர் தவறா? இருவரும் தவறில்லை. ஆறு என்ற சொல்லை ஒருவர் ஆண்டு முழுவதற்கும், மற்றவர் ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் பயன்படுத்துகின்றனர். ஆடி மாதத்திற் களப்பயணம் சென்ற மாணவன் ஆறு இல்லை என்று எழுதுவான். கார்த்திகையிற் சென்றவன் எழுத மாட்டான். ஓர் இடத்தை எந்த மாதத்தில் நோக்கினோம் என்பது அறிக்கையின் முகப்புத் திகதியோடு முடிந்துவிடும் விடயமன்று.

நிலாவரைக்கு வராத அறிக்கை அரிது. புத்தூருக்கு அண்மையிலுள்ள அந்நீர்நிலையின் அடியை எவரும் கண்டதில்லை, அதிற் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்ற கதை தவறாது எழுதப்பட்டு, 'சுற்றுலாப் பயணிகளைக் கவரும் இடம்' என்ற வாக்கியத்துடன் பந்தி முடியும். அக்கதையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோரும் உளர். எனக்கு இரு சாராரிடமும் உடன்பாடில்லை. அக்கதை ஒரு கருதுகோள். சுண்ணாம்புக்கல்லிலே கரைந்து உருவாகும் குகைகளும் வெடிப்புகளும் நிலத்தின் கீழ் நீரை இடத்துக்கிடம் கொண்டுசெல்லும் என்பதை, புவிச்சரிதவியல் அறியாத ஒரு சமுதாயம் எலுமிச்சம்பழத்தைக் கொண்டு கூறியிருக்கின்றது. கருதுகோள் என்றால் அளந்து பார்க்க வேண்டும். மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருக்கும் அவ்விடத்திலே, வெவ்வேறு ஆழங்களில் நீரை எடுத்து உவர்த்தன்மையை அளவிடுவது ஒரு பிற்பகல் வேலை. ஒளிப்படம் எடுப்பதற்கும் அவ்வளவு நேரமே செல்கின்றது.

நன்னீர் கடனீரிலும் இலேசானது. ஆதலின் அது உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இது அப்படியே பொருந்தாதெனினும், நிலைமையின் அபாயத்தை விளக்கப் போதுமானது. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏற முற்படும். துலா மிதித்து இறைத்த காலத்திலே மனித உடலின் களைப்பு அக்கிணற்றுக்கு ஒரு காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை.

இவ்விடத்திலேதான் வினாக்கொத்து தோல்வியுறுகின்றது. 'உமது கிணற்றின் நீர்த்தரம் எத்தகையது? மிக நன்று, நன்று, சாதாரணம், மோசம்' என்று கேட்கப்படுகின்றது. தோட்டக்காரர் முகத்தை நோக்கிவிட்டு 'நன்று' என்பார். அவரிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. தண்ணீர் எப்போது சவராகும், எத்தனை மணித்தியாலம் இறைத்தால் கிணறு அடிபிடிக்கும், எவ்வளவு நேரத்தில் ஊறும், எந்தத் திசையிலிருந்து ஊற்று வரும் என்பவற்றையெல்லாம் அவர் அறிவார். நீரியலாளர் ஒரு கிணற்றை இறைத்துவிட்டு மீளூற்றை அளப்பதும் இதைத்தான். 'எத்தனை ஹெக்டேயர் பயிரிடுகிறீர்?' என்பதும் அத்தகையதே. அங்கு நிலம் பரப்பிலே பேசப்படுவது. 16 பரப்பு ஓர் ஏக்கர். மாற்றிக் கணக்கிடும் பொறுப்பு ஆய்வாளனுக்குரியது. அதனைத் தோட்டக்காரரின் தலையிற் சுமத்தினால், கிடைக்கும் எண் இருவருக்கும் பயன்படாது.

தமிழ்ச் சங்க ஏட்டிலே இவ்வாறு எழுதும்போது, நிலத்தை ஐந்திணையாக வகுத்த மரபு எமது என்று நினைவூட்டும் குரல் எழுவதுண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது உண்மை. ஆனால் அப்பெருமையைப் பேசிக்கொண்டே கலட்டி, தரவை, தாழ்வு, துரவு என்னும் வாழுஞ் சொற்களை எமது அறிக்கைகளிலிருந்து அகற்றி, அவற்றின் இடத்திலே 'தரிசு நிலம்', 'தாழ்நிலம்' என்று பொதுப்பெயர் இடுகின்றோம். கலட்டி என்பது கல் மேலெழுந்து மண் மெலிந்த நிலம். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எதைப் பயிரிட முடியாது என்பது ஊரவருக்குப் புரிந்துவிடும்.

'தரிசு நிலம்' என்ற சொல்லின் தீங்கு வலிகாமம் வடக்கிலே இன்னும் கடுமையானது. குடாநாட்டின் வளமான செம்மண் நிலங்களுட் பல அங்கே உள்ளன. 1990 இல் மக்கள் அங்கிருந்து இடம்பெயர்க்கப்பட்டனர். நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயமாகின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டோடு நின்றது. போர் முடிந்த 2009 இற்குப் பின்னர் அந்நிலங்களிற் பகுதிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. செய்மதிப் படத்தை வைத்து நிலப்பயன்பாட்டுப் படம் தயாரிக்கும் மாணவனுக்கு அங்கே தெரிவது பச்சை நிறம். அவன் அதற்குப் 'பற்றைக்காடு' என்று பெயரிடுவான். நிறம் சரி, பெயரும் ஒருவகையிற் சரி. ஆனால் அப்பற்றைகளுள்ளே கிணறு இருக்கிறது. மதிலின் அத்திவாரம் இருக்கிறது. எல்லைவேலிப் பூவரசு மரமாய் வளர்ந்து நிற்கிறது. அது காடாகிய தோட்டம். இயற்கைத் தாவரம் என்ற தலைப்பின் கீழ் அதைச் சேர்ப்பது புவியியற் பிழை மட்டுமன்று. அங்கு வாழ்ந்தவர்களின் உரித்தையும் அப்படத்திலிருந்து அழிப்பதாகும். கணினியில் வரையும் படங்களை நான் குறைத்துக் கூறவில்லை. 2020 இன் பெருந்தொற்றுக் காலத்திலும் 2022 இன் எரிபொருட் தட்டுப்பாட்டின்போதும் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. எனினும் திரையிற் கண்ட பச்சைக்குக் காரணம் கேட்பதற்கு ஒருவர் அவ்வேலியருகே சென்று நிற்கத்தான் வேண்டும்.

களத்தில் மொழி எவ்வளவு முக்கியமானது என்பதை மலையகத்திலே இன்னும் தெளிவாகக் காணலாம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த மாணவர் தோட்டமொன்றுக்குச் செல்லும்போது, 'நாங்களும் தமிழர், அவர்களும் தமிழர். மொழிப் பிரச்சினை இல்லை' என்ற எண்ணத்துடனேயே செல்கின்றனர். லயத்தின் இஸ்தோப்பில் நின்று 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்கின்றனர். ஐந்து பிரிவுகளுள் ஒன்றிலே புள்ளடியிட்டு அடுத்த காம்பராவுக்குச் செல்கின்றனர். அவ்வினாவுக்கு அங்கே நேரான விடை கிடையாது. ஏனெனில் தோட்டத்தின் கணக்கு 'பேர்' என்ற அலகிலே நடைபெறுகின்றது. விதிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பேருக்கு வெளியே கிலோக் கணக்கிற் பறித்துப் பெறுவது கைக்காசு. மழை மாதம் வேறு. வரட்சி மாதம் வேறு. அதிலிருந்து சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்பன கழியும். 'போன மாதம் எத்தனை பேர் விழுந்தது?' என்று கேட்கத் தெரிந்தவன் ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்துக்குள் நுழைந்துவிடுகிறான். கேட்கத் தெரியாதவன் ஒரு சராசரியுடன் திரும்புகிறான். தமிழ் தெரிந்திருப்பதும் அத்தமிழ் தெரிந்திருப்பதும் வேறு வேறு.

யார் கேட்கின்றார், யார் விடை கூறுகின்றார் என்பதும் ஆராயத்தக்கது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்கள். ஆனால் பகலில் லயத்துக்குச் செல்லும் மாணவர் குழு, மலையில் நிற்கும் அவர்களைச் சந்திப்பதில்லை. வீட்டிலிருக்கும் ஆண்களையோ முதியோரையோ சந்தித்துத் திரும்புகின்றது. கலைப்பீடங்களிலே மாணவியரே தொகையில் அதிகம். இருந்தும் வினாக்கொத்தைப் பிடித்துக்கொண்டு முன்னே செல்பவன் பெரும்பாலும் ஒரு மாணவனாகவே இருக்கின்றான். மாணவியர் பின்னின்று விடைகளைப் பதிகின்றனர். இவ்வொழுங்கை மாற்றினால் கிடைக்கும் தரவும் மாறும். பேருந்து புறப்படும் நேரத்தையும் மாற்ற வேண்டும். பிரட்டுக்களத்துக்குக் காலையிலும், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாலையிலும் செல்லாத ஒருவர் தோட்டத்தைப் பார்த்ததாகக் கூற முடியாது.

அமெரிக்கப் புவியியலாளரான கார்ல் சவர் 1956 இல் ஆற்றிய உரையொன்றிலே, களத்திற் செல்பவன் எவ்வளவு மெதுவாகச் செல்கிறானோ அவ்வளவுக்கு நன்று என்ற கருத்தை வலியுறுத்தினார். எமது பயணத் திட்டங்களோ ஒரு பகலில் ஐந்து இடங்களைத் தொடுகின்றன. வசதிக் குறைவு இதற்கு ஒரு காரணமே. ஆனால் ஐந்து இடங்களுக்குச் செல்லும் எரிபொருளிற் குறைவாகவே ஓரிடத்தில் ஒரு பகல் முழுவதும் நிற்பதற்குத் தேவைப்படும்.

நிற்பவன் கையில் என்ன இருக்க வேண்டும்? ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும். மை மழையிற் கரையும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, கண்டதை ஒன்றிலும், பிறர் கூறியதை ஒன்றிலும், தான் எண்ணியதை ஒன்றிலும் எழுதும் வழக்கம் முதலாண்டிலேயே ஏற்பட வேண்டும். 'இங்கு மண்ணரிப்பு அதிகம்' என்ற வாக்கியம் இம்மூன்றில் எந்த நிரலுக்குரியது என்று கேட்டால் பலர் தயங்குவர். தேயிலைச் செடியின் வேர் எத்தனை அங்குலம் வெளியே தெரிகின்றது என்பது முதல் நிரல். முன்னர் இங்கே முழங்கால் புதையும் மண் இருந்தது என்று ஒரு முதியவர் கூறுவது இரண்டாம் நிரல். மண்ணரிப்பு என்ற சொல் மூன்றாம் நிரலுக்கே உரியது. 2003 இல் வெளியான ஆய்வொன்று மகாவலியின் மேல் வடிநிலத்து ஆறுகளிலுள்ள குவார்ட்சு மணலை ஆராய்ந்து, மனிதர் பயன்படுத்தும் சரிவுகளிலே மண் இயற்கை வேகத்திலும் பன்மடங்கு விரைவாக இழக்கப்படுவதைக் காட்டிற்று. அதற்கு ஆய்வுகூடம் தேவைப்பட்டது உண்மை. வேரை அளப்பதற்கு அடிமட்டம் போதும். மேலும், அன்றைய குறிப்பை அன்றிரவே செம்மையாக எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் சென்றபின் எழுதுபவன் மறந்தவற்றைக் கைந்நூலிலிருந்து நிரப்புகின்றான். பழைய குறிப்பு மீண்டும் புகுந்துகொள்வது அந்த இடைவெளியினூடாகவே.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. புள்ளி வழங்கப்படுவது கட்டிய அறிக்கைக்கு என்றிருக்கும்வரை மாணவர் அறிக்கையைத்தான் செய்வர். அட்டையும் தங்க எழுத்துமாக அது அழகாகவே இருக்கும். அழுக்குப் படிந்த குறிப்புப் புத்தகத்துக்குப் பாதிப் புள்ளியேனும் வழங்கலாம். பாதுகாப்பு நோக்கில் மூன்றாவது நிரலைத் தவிர்க்க எண்ணும் மாணவருக்கு, அதை எழுதியதற்காகப் புள்ளி குறையாது என்ற உறுதியும் வேண்டும். விரிவுரையிற் கூறியதற்கு மாறாக ஒன்றைக் களத்திற் கண்டதாக எழுதுபவரை அழைத்து, எங்கே, எப்போது, எவ்வாறு என்று வினவும் விரிவுரையாளர்கள் சிலரேனும் இருக்கின்றனர். அவர்களது வகுப்புகளிலிருந்து வரும் அறிக்கைகளில் நன்றியுரை சிறியதாகவும் படங்கள் பென்சிலில் வரைந்தனவாகவும் இருப்பதைக் கண்டிருக்கின்றேன்.

அக்குறிப்புப் புத்தகங்கள் துறையிலேயே சேமிக்கப்படல் வேண்டும். குடாநாட்டின் ஒரே கிணற்றை, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், புதிதாக வரும் வகுப்பு அளந்து முன்னைய ஆண்டின் அளவுக்குக் கீழே பதிந்துவருமாயின், பத்தாண்டிலே அக்கிணற்றின் நீர்மட்டமும் உவரும் பற்றிய ஒரு தொடர் கிடைக்கும். இதற்கு வேண்டியவை அடிக்கணக்குக் குறித்த ஒரு கயிறு, நுனியிற் கட்ட ஒரு கல், உவர்த்தன்மையை அளக்கும் சிறு கருவி. கயிற்றை எவரும் திரித்துக் கொள்ளலாம். கருவியைத் துறை ஒருமுறை வாங்கினாற் போதும்.